சோசருக்குக் கீழே

அந்த மெஷினை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் இரண்டாயிரத்து ஒன்பதில், லண்டன் நடு நகரத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் மேசை பார்க்கிற வேலையில் நான் இருந்தபோது, அந்த வெறுப்பு உச்சத்தில் இருந்தது. கார்ட் போடுகிற மெஷினைத்தான் சொல்கிறேன். சனம் சாப்பிட்டு முடித்துக் கையைக் காட்டினால் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். பின் நம்பரைக் கேட்க முன்னம் அது வேறொன்று கேட்கும்: டிப்ஸ் சேர்க்கிறீர்களா? பச்சைப் பட்டன் என்றால் ஓம். சிவப்பு என்றால் இல்லை. அந்த இரண்டு பட்டனுக்கும் நடுவில் மனிதர் படுகிற பாட்டை நான் தினமும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நின்றேன் என்று சும்மா சொல்லவில்லை. முதலாளியின் கட்டளை அது. மெஷினைக் கொடுத்துவிட்டு விலகிப் போகக்கூடாது. ஆள் பட்டனை அழுத்தும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். திரையைப் பார்க்கக்கூடாது, ஆளின் முகத்தையும் பார்க்கக்கூடாது. சிரித்த முகத்தோடு சுவரைப் பார்க்க வேண்டும். நாங்கள் பக்கத்தில் நின்றால் வெட்கத்துக்காவது பச்சையை அழுத்துவார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எங்கள் சுவரில் ஒரு படகின் படம் தொங்கியது. அந்தப் படகைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே எனக்குக் கன்னம் நொந்தது.

இத்தனைக்கும் பில்லின் அடியில் சேர்விஸ் சார்ஜ் என்று ஏற்கெனவே ஒரு தொகை அடித்திருக்கும். அதற்கு மேலேதான் மெஷின் இன்னொரு தரம் கேட்கும். சிலர் மூக்கு நுனி சிவக்கப் பச்சையை அழுத்துவார்கள். பெண்ணோடு முதல்தரம் வெளியே வந்த பெடியன் பெரிய கைக்காரன் மாதிரி அழுத்துவான். ஒருநாள் ஒரு வயதான வெள்ளைக்கார மனுசி என் கையைப் பிடித்து, இது உனக்குத்தானே போகும் மகனே என்று கேட்டா. கல்லாவில் முதலாளி நின்றார். ஓம் அம்மா, எனக்குத்தான் என்றேன். எனக்கு எங்கே வந்தது! கார்டில் வருகிற டிப்ஸையும் சேர்விஸ் சார்ஜையும் எடுத்து எங்கள் மணிக்கூலிக்குள் போட்டுச் சரிக்கட்டிவிடுவார். அப்போது சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. என்னுடைய சம்பளத்தையே அந்த மனுசியிடம் வாங்கித்தான் அவர் எனக்குத் தந்தார்.

அதனால் நான் வெளியே சாப்பிடப் போனால் எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. மெஷின் கேட்டால் யோசிக்காமல் சிவப்பு. பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையின் சோசருக்குக் கீழே சில்லறையோ தாளோ வைத்துவிட்டு எழும்புவேன். மேசை துடைக்க வருகிறவன் சோசரைத் தூக்கும்போது அது அவன் கைக்கே நேராகப் போகும். முதலாளி கண்ணில் படாது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழிதான்.

லண்டனில் அந்தக் காலம் எங்கே போனாலும் இந்தக் கரைச்சல். முடி வெட்டினால் கண்ணாடிக்கு முன்னால் டிப்ஸ் போட ஒரு போத்தல். கோப்பித் தண்ணீரை நானே கவுண்டரில் நின்று வாங்கி, நானே சீனி போட்டு, நானே கொண்டுபோய்க் குடித்தால் அங்கேயும் ஒரு போத்தல். டாக்ஸிக்காரன் மிச்சக் காசை ஒவ்வொன்றாக, ஏதோ பல்லைப் பிடுங்குகிற மாதிரி எடுப்பான். மனோர் பார்க் முருகன் கோயிலில் ஐயர் கற்பூரத் தட்டை நீட்டும்போது மட்டும் நான் முகம் சுளிக்காமல் போடுவேன். தங்கச்சி அதைச் சொல்லியே என்னை நக்கலடிப்பாள். “ஐயருக்கும் ஒரு மெஷின் குடுத்தாத் தெரியும் அண்ணா, நீங்கள் முருகனுக்கும் சிவப்புத்தான்!”

அந்தத் தங்கச்சியின் கதைதான் இது.

அவளும் நானும் செவன் கிங்ஸில் ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தோம். அம்மா அப்பா யாழ்ப்பாணத்தில். அவள் படித்து முடித்து ஒரு கவுன்சில் கந்தோரில் கணக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வருஷப் போரில் எங்கள் சனத்துக்கு நடந்ததற்குப் பிறகு கலியாணம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே எல்லோரும் கூசினார்கள். வைகாசி போய்க் கோடை முடியும் தறுவாயில் ஒருநாள் அவள் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்றபடி சொன்னாள்.

“அண்ணா, எனக்கு ஒராளைப் பிடிச்சிருக்கு. சிநேகிதியின்ரை வீட்டிலை கண்டனான். கொஞ்ச நாளாக் கதைக்கிறம்.”

எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது, பின்னாலேயே பயம் வந்தது. பெடியன் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவன். குடும்பத்தோடு லண்டனுக்கு மாறி வந்து ஏதோ கம்ப்யூட்டர் வேலை. தகப்பன் ஜேர்மனியில் ரெஸ்டோரண்ட் நடத்தி, இங்கே வந்தும் இரண்டு ரெஸ்டோரண்ட் வைத்திருக்கிறாராம். முதலாளி வர்க்கம்.

எங்கள் ஆட்களில் பிள்ளைகளே விரும்பிக்கொண்டாலும் பேசிச் செய்த கலியாணம் மாதிரித்தான் நடத்த வேண்டும். அதற்கு நடுவில் ஓராள் வேண்டும். அம்மாவின் தம்பி, குரோய்டனில் இருக்கிற மாமா, அந்தப் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். போட்டதும் போனில் முதல் வேலையாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“டேய், தமையன் என்ன வேலை எண்டு கேட்டவை. ஹோட்டல் மனேஜ்மென்ட் எண்டு சொல்லியிருக்கிறன். நீ போய்க் குழப்பிப் போடாதை.”

“மாமா, நான் தட்டுக் காவுற வெயிட்டர்.”

“ஹோட்டலிலைதானே காவுறாய்? பேந்தென்ன?”

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார். தங்கச்சி என் பக்கத்தில் வந்து இருந்தாள். பிறகு, “அண்ணா, இந்த ஒருக்கால் மட்டும் வாயைத் திறவாதேங்கோ. எனக்காக” என்றாள். அவள் என்னிடம் அப்படிக் கெஞ்சினது அதற்கு முன்னம் இல்லை. சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து பெண் பார்த்தால் அயலட்டம் எல்லாம் அறிந்துவிடும், சரிவராவிட்டால் பிள்ளைக்குத்தான் பேர் கெடும் என்று பெடியனின் தாய் சொன்னாவாம். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இல்ஃபோர்டில் ஒரு தென்னிந்திய ரெஸ்டோரண்டில் சந்திப்பதென்று முடிவானது. அங்கே போய் இருந்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வீடென்றால் எனக்குச் செய்ய ஒரு வேலை இருந்திருக்கும். பலகாரத் தட்டை நீட்டலாம், தேத்தண்ணீர் கொண்டுவரலாம், அந்தச் சாட்டில் குசினிக்குள் போய் மூச்சு விடலாம். இங்கே வெள்ளைத் துணி விரித்த மேசையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நான் ரெஸ்டோரண்டில் இருந்து பழகினவன் இல்லை, நின்று பழகினவன்.

தகப்பன் பருத்த மனிதர். நல்ல கலகலப்பு. தாய் மெல்லிய குரலில், ஆனால் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு இருந்தா. பெடியன் எதிரே தங்கச்சியைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தான். முகம் பிழையில்லை. என்னை “அண்ணை” என்று கூப்பிட்டான். எங்களுக்குப் பரிமாறினவன் தமிழ்நாட்டுப் பெடியன். படிக்க வந்து பகுதிநேரம் வேலை செய்கிறவனாக இருக்க வேண்டும். ஒரு கையில் மூன்று தட்டுத் தூக்கினான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை.

சாப்பிட்டு முடிந்ததும் என் கை தன் புத்தியைக் காட்டிவிட்டது. கதை கேட்டுக்கொண்டிருந்தபடியே என் தட்டுக்கு மேலே தங்கச்சியின் தட்டை வைத்து, அதற்கு மேலே பெடியனின் தட்டை வைத்து, கரண்டிகளை ஒரு பக்கமாக அடுக்கி, மிச்சச் சட்னியை ஒரே கிண்ணத்தில் சேர்த்து, விளிம்பில் தள்ளி வைத்துவிட்டேன். மேசைக்குக் கீழே தங்கச்சி காலால் ஒரு உதை விட்டாள். தாய் பார்த்துக்கொண்டே இருந்தா.

“மனேஜர் எண்டாலும் தம்பியின்ரை கை சும்மா இருக்குதில்லை” என்றா.

“பழக்கம் அன்ரி” என்றேன். அது பொய்யில்லையே!

ஓராள் மனேஜர் என்று நம்பிவிட்டால் முதலாளிமார் அவனோடு மனம் திறந்து கதைப்பார்கள். தகப்பனும் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். “தம்பிக்குத் தெரியும்தானே, சேர்விஸ் சார்ஜ் இல்லாட்டி எங்களுக்குக் கட்டாது. நான் அதைப் பெடியளின்ரை சம்பளத்துக்குள்ளையே விட்டுடுவன். இப்ப அரசாங்கம் சட்டத்தை மாத்தப் போகுதாம், இனி டிப்ஸைச் சம்பளத்திலை காட்ட ஏலாதாம். விசர்க்கதை! பேந்து என்னெண்டு நாங்கள் கடை நடத்துறது? உங்கடை இடத்திலை என்ன செய்யப் போறியள்?”

எங்கள் இடத்தில் என்ன செய்யப் போகிறோம்! எங்கள் இடத்தில் நான் படகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கப் போகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு, “பாப்பம் அங்கிள்” என்றேன். தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தேன். தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. அந்தப் பார்வைக்காக இன்னும் ஒரு மணித்தியாலம் வாயைக் கட்டியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தேத்தண்ணீர் வந்தது, பில் வந்தது. பில் வந்தால் எங்கள் ஆட்களுக்கு வருகிற ஆவேசம் தெரியும்தானே. அவர் பாய்ந்தார், நான் பாய்ந்தேன். “தம்பி விடும்!” “அங்கிள், இண்டைக்கு விட ஏலாது!” அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் மற்றக் கையால் பில்லைப் பறித்து மடிக்குள் வைத்துக்கொண்டேன். பெண் வீட்டார் நாங்கள், எங்கள் வீட்டில் கை நனைத்ததாக இருக்கட்டும் என்று சொல்லி வென்றுவிட்டேன். பரிமாறின பெடியன் சிரித்துக்கொண்டு மெஷினைக் கொண்டுவந்து என் கையில் தந்தான்.

திரையில் அந்தக் கேள்வி.

பரிமாறின பெடியன் ஒரு அடி விலகி நின்று சுவரைப் பார்த்தான். எங்கள் கடையில் எனக்குச் சொல்லித் தந்த அதே நிலை. அங்கே சுவரில் ஒரு மயில் இருந்தது. மேசையில் எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள். சிவப்பை அழுத்தினால் கஞ்சப் பிசினாறிக் குடும்பம் என்று நினைப்பார்கள். பச்சையை அழுத்தினால் இந்தப் பெடியனுக்கு ஒரு சதமும் போகாது. என் விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. எத்தனை பேர் இப்படி நிற்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்காத மாதிரிப் பார்த்திருக்கிறேன்!

தகப்பன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “நோ எண்டு அமத்தும் தம்பி. உது முதலாளிக்குத்தான் போகும், எனக்குத் தெரியாதோ!” பிறகு பரிமாறின பெடியன் பக்கம் நாடியால் காட்டி, “உவங்களுக்கு என்னத்துக்கு? பல்லைக் காட்டிக்கொண்டு தட்டுக் காவுறதுக்கும் ஒரு காசே?” என்றார்.

அவன் தமிழ்ப் பெடியன். ஒரு சொல் தப்பாமல் விளங்கியிருக்கும். அவன் மயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான். நான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் குரல் வந்தது பக்கத்துக் கதிரையில் இருந்து.

“அங்கிள், எங்கடை அண்ணாவும் தட்டுத்தான் காவுறவர்.”

தங்கச்சி கோப்பையைச் சோசரில் வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தாள்.

“ஹோட்டல் மனேஜ்மென்ட் எண்டது மாமா சொன்ன கதை. அண்ணா வெயிட்டர். அந்தக் காசிலைதான் நான் படிச்சனான். அவர் எங்கை போனாலும் நோ எண்டுதான் அமத்துவார். பேந்து சோசருக்குக் கீழை காசு வைப்பார், வேலை செய்யிற ஆளுக்குப் போகட்டும் எண்டு.”

தகப்பனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. தாய் கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தா. தங்கச்சி எதிரே இருந்த மாப்பிள்ளைப் பெடியனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் கதைப்பான் என்று நினைத்தோம். அவன் குனிந்து மேசைத் துணியின் மடிப்பை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நான் சிவப்பை அழுத்தினேன். பின் நம்பரை அடித்தேன். மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது, சோசராவது ஒன்றாவது, எல்லோருக்கும் முன்னால் ஒரு தாளை மடித்து அந்தப் பெடியனின் உள்ளங்கைக்குள் வைத்தேன். அவன் முகம் ஒரு மாதிரிப் போனது.

“ரொம்ப தேங்க்ஸ்ண்ணே” என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேல்தட்டில் முன்னால் இருந்தோம். நான் பொரிந்து தள்ளினேன். ஏனடி சொன்னாய், நான்தானே வாயை மூடிக்கொண்டு இருந்தேன், நான் கேட்டேனா உன்னிடம் என்று கத்தினேன். பின்னால் இருந்த சனம் எட்டிப் பார்த்தது. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தாள்.

“நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்ததைப் பாக்க ஏலாமத்தான் சொன்னனான்” என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, “அவர் ஒண்டும் சொல்லேல்லை, கண்டனீங்களே?” என்றாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அழுதாள்.

மாமா அன்று பின்னேரமே போன் எடுத்து என்னைத் தாறுமாறாகத் திட்டினார். கதைத்தது தங்கச்சி என்று சொன்னபோது இன்னும் கூடத் திட்டினார். எல்லாம் முடிந்தது, இனி அவை போன் எடுக்கமாட்டினம் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே எடுத்தார். குரலில் தேன் வடிந்தது.

“டேய், அவைக்கு ஓமாம்! தகப்பன் சொல்லிச் சிரிச்சவர், பிள்ளை நல்ல துணிச்சல்காரி, கல்லாவிலை இருத்தினால் கடை உருப்படும் எண்டு. தமையன் என்ன வேலை எண்டாலும் பரவாயில்லையாம். நாங்கள் ஓம் எண்டால் சரி.”

நான் துள்ளிக்கொண்டு போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்கவேயில்லை.

“எனக்குத் தெரியாது” என்றாள்.

“என்னடி தெரியாது? நீதானே பிடிச்சிருக்கு எண்டனீ?”

“இப்பவும் பிடிச்சிருக்கு. அதுதான் கஷ்டமாக் கிடக்கு. அவரின்ரை தகப்பன் ஓம் எண்டது எனக்குப் பெரிசில்லை அண்ணா. நாளைக்கு உங்களை ஆரும் ஒண்டு சொன்னாலும் இவர் இப்பிடியே மேசைத் துணியைத் தேய்ச்சுக்கொண்டு இருந்தால் நான் என்ன செய்யிறது?”

பாருங்கள் என் நிலையை. தகப்பனுக்கு முன்னால் ஒரு பெடியன் என்ன கதைக்க ஏலும் என்று நானே அவனுக்காக வாதாடத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. அவன் போன் அடித்தான், அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான், போனைக் கவிழ்த்து வைத்தாள். இரவில் பக்கத்து அறையில் அவள் புரண்டு புரண்டு படுப்பது எனக்குக் கேட்டது. மாமா காலையும் மாலையும் எடுத்து, முடிவைச் சொல்லுங்கோ, ஆக்களைக் காக்க வைக்க ஏலாது என்றார். வேலையில் நான் ஆர்டர்களை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒரு மேசைக்கு மீனுக்குப் பதில் கோழி போனது. முதலாளி உறுமினார். மெஷினைக் கொடுத்துவிட்டுப் படகைப் பார்த்து நின்றால் சிரிப்பு வரமாட்டேன் என்றது. என்னால்தான் அவளுடைய வாழ்க்கை இப்படித் தொங்கிக்கொண்டு நிற்கிறது என்ற எண்ணம் மண்டையைக் குடைந்தது. நான் வேறு ஏதாவது வேலைக்குப் போயிருந்தால்? அந்தத் தட்டுகளை அடுக்காமல் இருந்திருந்தால்?

அந்தக் கிழமை முடியவில்லை. ஒரு மத்தியானம், கந்தோர்ச் சனம் வந்து நெரிகிற நேரம், நான் பார்க்கிற மேசையொன்றில் ஓராள் தனியாக இருந்தான். மெனுவை நீட்டின பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அவன்தான். கழுத்துப்பட்டி கட்டி, வேலைக் களைப்போடு.

“உங்கடை மாமாட்டை இடம் கேட்டு வந்தனான் அண்ணை” என்றான்.

எனக்குச் சட்டென்று எரிச்சல்தான் வந்தது. இந்த உடுப்பில், இந்த ஏப்ரனோடு என்னைப் பார்க்கவா வந்தாய்? கல்லாவில் முதலாளி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்ன சாப்பிடுறியள்?” என்றேன், வேறு எவரிடமோ கேட்பது மாதிரி. அவன் சான்ட்விச்சும் தேத்தண்ணீரும் சொன்னான். கொண்டுவந்து வைத்தேன். அவன் சாப்பிடாமல் நிமிர்ந்து பார்த்தான்.

“அண்டைக்கு நான் கதைச்சிருக்க வேணும். கதைக்கேல்லை. பயந்து போனன். அப்பாவோடை பேந்து வீட்டிலை கதைச்சனான், சண்டையும் பிடிச்சனான். ஆனால் அங்கை வச்சுக் கதைச்சிருக்க வேணும். அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

“சாப்பிடுங்கோ, ஆறிப்போம்” என்றேன். சான்ட்விச் ஆறுமா? வாயில் வந்தது அதுதான்.

அவன் சாப்பிட்டு முடித்தான். பில்லைக் கொடுத்தேன், மெஷினைக் கொடுத்தேன். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தபடியால் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாகப் போனது. என் தங்கச்சியைக் கட்டப் போகிறவனோ என்னவோ, அவன் டிப்ஸ் தருவானா என்று நான் படகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பூமி பிளந்தால் போய் விழுந்திருப்பேன். அவன் சிவப்பை அழுத்துவது கடைக்கண்ணில் தெரிந்தது. பின் நம்பரை அடித்துவிட்டு, மெஷினைத் தந்துவிட்டு, காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி சில்லறையை எடுத்தான். எடுத்தவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

“சோசருக்குக் கீழை வைக்கிறனீங்கள் எண்டு அவ சொன்னவ. அதுதான் வரேக்கை மாத்திக்கொண்டு வந்தனான். இப்ப...” அவன் முகம் சிவந்தது. “வைக்கவும் ஏலாமக் கிடக்கு, வைக்காமப் போகவும் ஏலாமக் கிடக்கு, அண்ணை.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். முதலாளி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். யன்னலோர மேசையில் ஆட்கள் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். போனேன். அவர்கள் கேட்டதை எழுதினேன், என்ன எழுதினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். திரும்பிப் பார்த்தபோது அவனுடைய கதிரை வெறுமையாக இருந்தது. அவன் போய்விட்டான்.

தட்டு, கத்தி, கோப்பை, சோசர்.

அந்த மேசையடிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. கீழே காசு இருந்தால் அவனைப் பிழை சொல்ல முடியாது. நல்ல மனிதன் என்றுதான் அதற்கு அர்த்தம். தங்கச்சி சொல்லிக் கேட்டதை அப்படியே செய்திருக்கிறான். ஆனால் வீட்டு ஆளுக்கு ஒருவரும் டிப்ஸ் வைப்பதில்லை. மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எவன் தட்டுக்குக் கீழே காசு வைப்பான்? அந்தச் சில்லறை அங்கே இருந்தால், நாளைக்கு அவன் என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு தரமும் நான் சோசரைத்தான் பார்ப்பேன். நான் அவனுக்கு வெயிட்டர், அவன் எனக்குக் கஸ்டமர். சாகும்வரை அப்படித்தான்.

முதலில் தட்டை எடுத்தேன். கத்தியை எடுத்தேன். கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தேன். பிறகு சோசரைத் தூக்கினேன்.

ஒன்றும் இல்லை.

வெறும் மேசைத் துணி. சோசரின் ஈர வட்டம் மட்டும். நம்பாமல் தட்டைத் திருப்பிப் பார்த்தேன், பில் கிடந்த கிண்ணத்தைப் பார்த்தேன், கதிரைக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன். ஒரு சதமும் இல்லை. என்னோடு வேலை செய்கிற போலந்துக்காரப் பெண் பக்கத்து மேசையில் இருந்து பார்த்துவிட்டு, “கழுத்துப்பட்டி கட்டியிருக்கிறான், சரியான கஞ்சன்” என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கையில் தட்டுகளோடு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

தட்டுகளைக் குசினியில் போட்டுவிட்டுப் பின் கதவால் குப்பைத் தொட்டியடிக்குப் போய்த் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அவள் கந்தோரில் இருந்தாள். அவன் வந்தது, இருந்தது, சொன்னது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். முடிந்த பிறகு அவள் ஒன்று கேட்டாள்.

“காசு வச்சவரோ?”

“இல்லை.”

“சோசருக்குக் கீழை வடிவாப் பாத்தனீங்களே?”

“கதிரைக்குக் கீழையும் பாத்தனான். ஒரு சதமும் இல்லை.”

உள்ளே முதலாளி என்னைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.

“அப்ப மாமாவுக்குப் போன் எடுத்து ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணா” என்றாள்.